டர்ன்டேபிளுடன் வேறு ஆர்முக்கான ப்ரொட்ராக்டரை வைத்து அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தின் டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) பெட்டியில் வந்த ப்ரொட்ராக்டர், அதாவது முள்ளைச் சரியான கோணத்தில் பொருத்த உதவும் அளவு அட்டை, அந்த டர்ன்டேபிளுக்கு உரியதே அல்ல என்பதை மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் நேரிலும் சொல்லிச் சலித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிய புகார் எண் ஒன்றைத் தருகிறார்கள். பழைய எண்ணைச் சொன்னால், அந்தப் புகார் முடிக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். யார் முடித்தார்கள், எதைத் தீர்த்து முடித்தார்கள் என்று கேட்டால் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. ஆகவே இதை எழுத்தில் தருகிறேன். தாங்களாவது முழுவதும் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையேட்டின் விவரப் பக்கத்தில், தட்டின் நடுத்துளையில் நிற்கும் ஸ்பிண்டிலின் மையத்துக்கும், முள்ளைத் தாங்கும் கரமான டோன் ஆர்ம் திரும்பும் அச்சான பிவட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு 222 மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எஃகு ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன், 222 தான். ப்ரொட்ராக்டரின் கீழ் மூலையிலோ, லென்ஸ் வைத்தால் மட்டுமே தெரியும் பொடி எழுத்தில் 215 என்று இருக்கிறது. அட்டையிலுள்ள கோட்டை பிவட்டுக்கு இம்மி பிசகாமல் நேர்படுத்தி, வில்கோட்டின் வெளி முனையில் முள்ளைச் சரியாக நிறுத்தினால், உள் முனைக்கு வரும்போது அது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் விலகி நிற்கிறது. உள்ளே சரிசெய்தால் வெளியே விலகுகிறது. முள் பொருந்திய கார்ட்ரிட்ஜை ஆர்மின் நுனியிலுள்ள ஹெட்ஷெல்லில் எவ்வளவு முன்னும் பின்னும் நகர்த்தினாலும் இரு முனைகளும் ஒருசேரப் பொருந்தப் போவதில்லை, ஏனென்றால் அங்கே வரைந்திருப்பது வேறோர் ஆர்ம் செல்லும் பாதை.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று தங்கள் ஊழியர்கள் கேட்கிறார்கள். மூல இசைத்தட்டை வெட்டும் இயந்திரத்தில் வெட்டுமுனை நேர்கோட்டில் செல்கிறது. பிவட்டில் திரும்பும் ஆர்ம் வளைந்து செல்கிறது. அதனால் கார்ட்ரிட்ஜ் தட்டின் பள்ளத்தோடு பிசகின்றி நேர்படுவது இரண்டே இடங்களில்தான். 1938இல் லோஃப்கிரன், 1941இல் பேர்வால்ட் ஆகிய ஆய்வாளர்கள் வகுத்த கணக்கு இது. தங்கள் கையேடே அந்த இடங்களை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என்று குறிப்பிடுகிறது. தங்கள் பொருளைப் பற்றித் தங்களுக்கே நான் எடுத்துச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்பதுதான் என் வேதனை.

தட்டு ஒரே சீராக நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுவதால், உள்ளே போகப் போகப் பள்ளம் முள்ளைக் கடக்கும் வேகம் குறைந்து, பதிவான அலைகள் நெருங்கிவிடுகின்றன; கோணப் பிழை அங்கேதான் காதை அறுக்கிறது. எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா எல்பிகளில் பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்தால், எஸ். ஜானகியின் குரலில் 'ஸ' வரும் இடமெல்லாம் சீறுகிறது. அதே தட்டுகள் நண்பரின் டர்ன்டேபிளில் பளிச்சென்று பாடுகின்றன.

இதைக் காட்டத்தான், ஆர்மின் பின்முனை எடையான கவுன்டர்வெயிட்டைக் கழற்றி, தட்டு வைக்கும் பிளாட்டரைத் தனியே பொதிந்து, திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் கண்விழித்துக் காத்து, கிண்டியிலுள்ள தங்கள் சேவை மையத்துக்கு வந்தேன். கொண்டுவந்தால் அன்றே பார்த்துத் தருவதாகத் தொலைபேசியில் உறுதி சொன்னவர் தங்கள் ஊழியரே. கவுன்டரில் இருந்தவர் ப்ரொட்ராக்டரை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. "உங்க காது ரொம்ப நைஸ் சார். பழைய ரெக்கார்டுன்னா அப்படித்தான் பாடும், புதுசா நாலு வாங்கிப் போடுங்க" என்றார். பிறகு முள்ளின் மூடியைப் போடாமலேயே, கார்ட்ரிட்ஜைக் கட்டைவிரலால் நெட்டி, கண் அளவில் திருகை முடுக்கி, "இப்ப சரியாயிடுச்சு" என்று தள்ளிவிட்டார். வாரண்டி இருக்கும்போதே பரிசோதனைக் கட்டணமும் வசூலித்தார். என் வயதுக்காவது ஒரு நாற்காலியைக் காட்டியிருக்கலாம். வீட்டில் வந்து பார்த்தால், முள்ளைத் தாங்கும் கேன்டிலீவர் ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. அது வரும்போது நேராக இருந்தது. என் தந்தை காலத்திலிருந்து சேர்த்த தட்டுகள், இனி என்ன விலை கொடுத்தாலும் கிடைக்காதவை, தங்கள் அலட்சியத்தால் அடியோடு பாழாகிவிடும் நிலையில் இருக்கின்றன.

தங்கள் தயாரிப்பின் மீது மதிப்பு வைத்துத்தான் வாங்கினேன்; அந்த ஆர்மின் தரத்தில் இன்றும் எனக்குக் குறையில்லை. எனவே பணிவுடன் கேட்கிறேன்: 222 மி.மீ. ஆர்முக்கு உரிய ப்ரொட்ராக்டரையும், புதிய கார்ட்ரிட்ஜையும் என் முகவரிக்கே அனுப்பிவையுங்கள். பரிசோதனைக் கட்டணத்தையும் பயணச் செலவையும் திருப்பித் தாருங்கள். மீண்டும் கிண்டிக்கு வரச் சொல்லாதீர்கள். அந்த மனிதரின் முன் இன்னொரு முறை நிற்க நான் தயாராக இல்லை. இதே பெட்டி எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறதோ, அவர்களுக்கும் தெரிவிப்பது தங்கள் கடமை.

15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க அச்சட்டம் இடம் தருவதால், அப்போது பயணம் செய்ய வேண்டியவர் தாங்களாக இருப்பீர்கள். பற்றுச்சீட்டின் நகலையும், கையேட்டின் 222யும் அட்டையின் 215ம் ஒருசேரத் தெரியும் புகைப்படத்தையும், சாய்ந்த கேன்டிலீவரின் படத்தையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி