பழைய காரை நிறுத்தி வைக்காதீர்கள், ஓட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களின் அணிவகுப்பு நடந்தால் மறுநாள் செய்தித்தாளில் படம் வந்துவிடுகிறது. பித்தளை விளக்கும் மினுங்கும் மட்கார்டும் தெரிகின்றன. கீழே காரின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. அந்தக் காரை எப்படி ஓட்டுகிறார்கள், ஓடும் நிலையில் வைக்க என்னென்ன செய்கிறார்கள் என்பது வருவதே இல்லை. பழைய காரின் ஈர்ப்பு அதில்தான் இருக்கிறது. அதைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

இன்றைய காரில் கணினி பார்த்துக்கொள்ளும் வேலைகள் 1920களின் காரில் ஓட்டுபவரின் கை, கால், காது மூன்றுக்கும் பங்கிடப்பட்டிருந்தன. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான ஃபோர்டு மாடல் டி-யைப் பாருங்கள். இடது மிதியை முழுதும் அழுத்தினால் லோ கியர், பாதி அழுத்தினால் நியூட்ரல், காலை எடுத்தால் டாப் கியர். நடு மிதி ரிவர்ஸ், வலது மிதி பிரேக். ஆக்சிலேட்டர் காலில் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கம் கையால் இழுக்கும் லீவர். இடப்பக்க லீவர், ஸ்பார்க் எப்போது விழவேண்டும் என்பதை முன்பின் தள்ளுவதற்கு. இன்றைய காரில் பழகிய கால், அவசரத்தில் நடு மிதிக்குத்தான் போகும். அதனால் ஆளில்லாத மைதானத்தில் பழகிய பிறகே சாலைக்கு வரவேண்டும்.

மாடல் டி தனி ரகம். அந்தக் காலத்தின் மற்ற கார்கள் பெரும்பாலானவற்றில் லீவரால் கியர் மாற்றும் பெட்டி இருக்கும், ஆனால் பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே பொருத்தித் தரும் சிங்க்ரோமெஷ் இருக்காது. அது முதன்முதலில் 1928இல் கேடிலாக்கில்தான் வந்தது. அதில்லாத காரில் கியரை இறக்க கிளட்சை இரண்டு முறை மிதிக்கவேண்டும். முதலில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜின் வேகத்தை ஏற்றுங்கள். மறுபடி கிளட்சை மிதித்து லீவரைக் கீழ் கியருக்குத் தள்ளுங்கள். கியர் ஏற்றும்போது அந்தத் தட்டு வேண்டாம்; நியூட்ரலில் கிளட்சை விட்டு, இன்ஜின் வேகம் இறங்கும் வரை ஒரு கணம் பொறுத்தால் போதும். சேரவேண்டிய இரண்டு பற்சக்கரங்களும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டால் லீவர் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். சத்தமில்லாமல் விழுந்த ஒரு கியர் தரும் மகிழ்ச்சி வேறெந்த காரிலும் கிடைக்காது! வேகம் பொருந்தாமல் அழுத்தினால் பல்லின் ஓரம் உடைந்து, அந்தத் துணுக்கு ஆயிலோடு சுற்றிக்கொண்டே மற்ற பற்களையும் பேரிங்கையும் தின்னும். காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது உள்ளிருக்கும் சக்கரங்களின் வேகம் சீக்கிரமே இறங்கிவிடும். கியர் ஏற்றும்போது பொறுக்கவேண்டிய நேரமும் அதற்கேற்பக் குறையும்.

முன்பக்க ஹேண்டிலைச் சுற்றி ஸ்டார்ட் செய்வதில்தான் கை ஒடிகிறது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கைப்பிரேக் பிடித்திருக்கிறதா, ஸ்பார்க் லீவர் முழுதும் பின்னுக்கு, அதாவது ஸ்பார்க் தாமதமாக விழும் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். ஹேண்டிலைக் கீழிருந்து மேலாக ஓர் இழுப்பு இழுக்கவேண்டும். மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது. பிஸ்டன் உச்சிக்கு வருமுன் ஸ்பார்க் விழுந்தால் இன்ஜின் பின்னோக்கி உதைக்கும். இழுக்கும் கையாக இருந்தால் விரல்கள் விடுபட்டுவிடும். அமுக்கும் கையாக இருந்தால் அடி நேரே மணிக்கட்டில் விழும்.

பராமரிப்பில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பெரிய தவறு, வாரத்துக்கு ஒரு முறை காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜின் சூடேறியிருந்தால் அது வெளியே போய்விடும். சூடேறாத இன்ஜினில் பிஸ்டன் ரிங் வழியே கீழே கசிந்து, ஆயிலில் கலந்து, அமிலமும் சேற்றுப் படிவும் ஆகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் வெளிறிய பழுப்பில் களி ஒட்டியிருக்கும். சைலன்சரும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மாதம் ஒரு முறையாவது அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே மேல். நிறுத்தும்போது கைப்பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்; பிடித்தபடி விட்டால் பிரேக் ஷூவின் மேலுள்ள லைனிங் சக்கரத்தின் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோலில் ஈயம் இல்லையே என்று பலர் கவலைப்படுகிறார்கள். 1920களின் காருக்கு அது தேவையில்லாத கவலை. ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்ததே 1923இல்தான். சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைச் சொல்லும் கம்ப்ரஷன் விகிதம் மாடல் டி-யில் ஏறக்குறைய 4:1. இன்றைய மிகச் சாதாரண பெட்ரோலே அதற்குத் தாராளம். கவலைப்படவேண்டியது பெட்ரோலில் கலக்கப்படும் ஆல்கஹாலான எத்தனால். பழைய கார்புரேட்டரின் கார்க் மிதவைக்கு அரக்குப் பூச்சு இருக்கும். அரக்கு ஆல்கஹாலில் கரையும். பூச்சு போனதும் கார்க் பெட்ரோலைக் குடித்து மூழ்கிவிடும். ஊசி வால்வு மூடாது, பெட்ரோல் வழிந்து சூடான எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டும். பழைய கார்கள் தீப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கிய வழி. பித்தளை மிதவைக்கு மாறிவிடுங்கள். ரப்பர் பெட்ரோல் குழாய் தொட்டால் பிசுபிசுத்தாலோ வளைத்தால் விரிசல் தெரிந்தாலோ அன்றே மாற்றுங்கள். குழாயின் மேல் ஆர்9 என்று அச்சிட்ட ரகம் எத்தனாலைத் தாங்கும். 10 சதவீதம் எத்தனால் இருந்தால் அதே காற்றுக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆயில் விஷயத்தில் விலை உயர்ந்ததை ஊற்றினால் நல்லது என்ற நம்பிக்கை கியர் பெட்டியைக் கெடுக்கிறது. ஜிஎல்-5 ரகக் கியர் ஆயிலின் கந்தகச் சேர்மானம் வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடியது. வெண்கலமோ பித்தளையோ உள்ள பெட்டிக்குக் கையேடு சொல்லும் பழைய ரக ஆயிலோ ஜிஎல்-4 ரகமோதான் பொருந்தும். ஃபில்டர் இல்லாத இன்ஜினில் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். பல ஆண்டு அழுக்கு சேர்ந்த இன்ஜினில் அழுக்கைப் பெயர்க்கும் இன்றைய டிடர்ஜென்ட் ஆயிலை நேராக ஊற்றினால், அடியில் உறங்கிய சேறு பெயர்ந்து ஆயில் துளைகளை அடைக்கும். முதலில் ஆயில் சட்டியைக் கழற்றிக் கழுவவேண்டும். மென்மையான வெள்ளை உலோகப் பேரிங் உள்ள இன்ஜினை டாப் கியரில் திணறவிட்டு மேடேற்றாதீர்கள், கியரை இறக்குங்கள்.

6 வோல்ட் காரில் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் உடனே பேட்டரியைக் குறை சொல்கிறார்கள். அதே சக்திக்கு 12 வோல்ட் காரைப்போல இரண்டு மடங்கு கரன்ட் ஓடவேண்டும் என்பதால், 12 வோல்ட்டுக்கான மெல்லிய கேபிள் இங்கே உதவாது. 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கேபிள் போடுங்கள். இன்ஜின் சுற்றும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெயின்டையும் துருவையும் சுரண்டி எர்த்தை மறுபடி முடுக்கவேண்டும். ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டின் இடைவெளி பல கார்களில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், உங்கள் காரின் கையேடு சொல்வதே முடிவு. பாயின்ட்டைத் திறக்கும் கேமுக்குத் துளி கிரீஸ் இல்லாவிட்டால் பாயின்ட்டின் குதி தேய்ந்து இடைவெளி சுருங்கும், ஸ்பார்க் தாமதமாகும், கார் இழுக்காமல் சூடாகும். ரேடியேட்டரைப் பிரிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கம்பியால் இயங்கும் பிரேக்கில் லைனிங் தேய்ந்ததும் கம்பியைச் சுருக்கி முடுக்குவது ஆபத்து. லீவரின் கோணம் மாறி, எவ்வளவு மிதித்தாலும் பலம் கிடைக்காமல் போகும். முதலில் டிரம்முக்குள் ஷூவைச் சரிசெய்யவேண்டும். நான்கு சக்கரத்தையும் ஸ்டாண்டில் ஏற்றி, எல்லாம் ஒரே நேரத்தில் பிடிக்கின்றனவா என்று கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். கம்பிக்குக் கடைசி இடம்தான். டயரில் பட்டை நிறைய இருந்தாலும் பத்து ஆண்டு தாண்டினால் கழற்றிவிடுங்கள்.

பெற்றோரோ தாத்தாவோ விட்டுச்சென்ற கார் பல ஆண்டாகப் பூட்டியே கிடக்கிறதா? தயவுசெய்து அதைக் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி லேசான ஆயில் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு பிளக் மாட்டாமலே ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாமல் மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள்; ஒட்டிய ரிங் விடுபட வாரங்கள்கூட ஆகலாம். சுற்றத் தொடங்கியதும் வால்வுகள் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்து, டாங்கைக் கழுவி, ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் மாற்றி, பிரேக் பிடிக்கிறது என்று உறுதியான பிறகே பெட்ரோல் ஊற்றவேண்டும். முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய கார் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்