பிளாஸ்மாவுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரத்த தானம் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் விபத்து, அறுவை சிகிச்சையோடு நின்றுவிட்டது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பற்றி ஒரு வரிகூட இல்லை.

நோய் எதிர்ப்புப் புரதம் பிறவியிலேயே சுரக்காதவர்கள் இருக்கிறார்கள். திரும்பத் திரும்பத் தொற்றால் அவதிப்பட்ட ஒரு சிறுவனின் இரத்தத்தில் அந்தப் புரதமான காமா குளோபுலின் இல்லை என்று 1952-இல் கண்டறிந்த அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அதையே ஊசியில் செலுத்தினார். இன்றும் அடிப்படை அதுதான். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைச் சேர்த்தே இம்யூனோகுளோபுலின் எனப்படும் இந்தப் புரத மருந்து தயாராகிறது. உடலில் ஏறிய புரதம் ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். ஆகவே மூன்று, நான்கு வாரத்துக்கொரு முறை டிரிப். பலருக்கு ஆயுள் முழுக்க. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும், அவசரப்பட்டால் தலைவலி மண்டையைப் பிளக்கும். பாட்டிலைக் குலுக்கவும் கூடாது, நுரைத்துவிடும்.

கில்லன் பாரே போன்ற நரம்பு நோய்களுக்கும் இதே மருந்துதான். தானமாகப் பெற்ற பிளாஸ்மா மருந்தாகி வரப் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால், தட்டுப்பாடு வந்தபின் வேண்டுகோள் விடுத்துப் பயனில்லை. பிளாஸ்மாவை மட்டும் பிரித்தெடுத்துச் சிவப்பணுக்களைக் கொடையாளர் உடலுக்கே திருப்பி ஏற்றிவிடும் வசதி உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த கட்டுரையில் எழுதுங்களேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்