இரவுப் பணியில் தனியாக நிற்பவரின் தகுதியைச் சரிபார்க்கக் கோரி

தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் ஒன்றிய நலவாழ்வு அமைச்சகத்துக்கும், காவிரிப் படுகை மருத்துவமனைகளில் பணிபுரிவோர் எழுதுவது. வணக்கம்.

ஆள் பற்றாக்குறை எங்களுக்கும் தெரியும். பத்தாண்டு அனுபவமுள்ள அரசு மருத்துவமனை நிபுணர்களை இணைப் பேராசிரியராக்கும் 2025 விதிகளில் எங்களுக்குக் குறையில்லை. அவர்கள் கைத்தேர்ச்சி உள்ளவர்கள். எங்கள் கவலை 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, முழு மருத்துவராகப் பதிவு பெறாத சமூக நலவாழ்வுப் பணியாளருக்கு இடைநிலையில் மருத்துவம் பார்க்கத் தரும் வரம்புக்குட்பட்ட உரிமம். அதைப் பெற்றவர் எந்தெந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்று சரிபார்த்து எழுத்தில் வையுங்கள். அதற்குப் பிறகே தனியாக இரவுப் பணிக்கு விடுங்கள்.

தரையில் பாய் விரித்துப் படுப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வீக்கம் இருக்காது. பல நேரம் கடிவாயே தெரியாது. பணியில் இருப்பவர் இரண்டு மில்லி ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். உறைந்திருக்கும். ரத்தத்தை உறையவிடாத கண்ணாடி விரியன் நஞ்சைக் காட்டும் அந்தச் சோதனை, நரம்பைத் தாக்கும் கட்டுவிரியன் நஞ்சைக் காட்டாது. விஷம் ஏறவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, விடிவதற்குள் மூச்சு நின்றுவிடலாம். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால், அரை மில்லிகிராம் அட்ரினலினை அந்த நிமிடமே தொடைத் தசையில் போட வேண்டும். மூச்சு தளர்ந்தால் மூச்சுக்குழாயில் ட்யூப் போட வேண்டும். இவை கைக்கு வந்திருக்கின்றனவா என்பது சான்றிதழின் ஜெராக்ஸில் தெரியாது. அந்த ஜெராக்ஸைக்கூட மாநில மருத்துவ மன்றப் பதிவேட்டோடு ஒப்பிடாவிட்டால், போலிப் பதிவு எண்ணும் உண்மையான எண்ணும் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த உரிமம் பெற்றவர், முதல்நிலை, தடுப்பு மருத்துவம் தவிர மற்றவற்றில் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான் மருந்து எழுதலாம் என்கிறது சட்டம். அந்த மருத்துவர் தொலைபேசியில் கிடைத்தால் அது மேற்பார்வை ஆகிவிடுமா? தலைநகரத்துப் பெரிய மருத்துவமனையில் இப்படி ஒருவரைத் தனியாக நிறுத்துவீர்களா? மயிலாடுதுறை மாவட்டத்துக்கு இன்னும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அதைத் தராமல் தகுதியின் அளவை மட்டும் எங்கள் ஊர்களில் தாழ்த்துவது நியாயமில்லை.

எந்த அளவுக்கு, எந்தச் சூழலில் என்பதை ஒழுங்குமுறைகளில் வரையறுக்கும் பொறுப்பைச் சட்டம் உங்களிடமே விட்டிருக்கிறது. ட்யூப் போடுவதை மேற்பார்வையில் செய்து காட்டிக் கையெழுத்து வாங்காதவர் தனி இரவுப் பணி ஏற்கக் கூடாது, அழைத்தால் நேரில் வரும் மருத்துவரின் பெயர் அன்றைய பணிப்பட்டியலில் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் அதில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.