காணும் எண்டால் காணும்தான்

அன்புள்ள மகள்,

மாமி உனக்கு கோல் எடுத்தவவாம் எண்டு அப்பா இப்பதான் சொல்லுறார். உன்ர அம்மா பட்டினி கிடக்கிறா, ஆடிக்கூழ் குடுத்தும் மூண்டு கரண்டியோட கோப்பையைத் தள்ளி வைச்சிட்டா, ஆள் எலும்பும் தோலுமா போட்டா எண்டு சொல்லி அழுதவவாம். நீயும் ராத்திரி நித்திரை கொள்ளாமல் எனக்கு 11 வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறாய். பிள்ளை, 79 கிலோவில எலும்பும் தோலும் எங்கயிருந்து வாறது? வயித்தைச் சின்னதாக்கிற ஒப்பிறேசனுக்குப் போகேக்க 112. மாமி கண்ணாலதான் நிறுக்கிறவ, தராசால இல்லை.

கோலில இதெல்லாம் ஒழுங்காச் சொல்ல வராது, அப்பா பக்கத்தில இருந்து ஒவ்வொண்டுக்கும் திருத்தம் சொல்லிக்கொண்டு இருப்பார். அதுதான் எழுதுறன். போனில தட்டுறன், பிழை பாக்காத.

கூழ்க் கதையை முதல் முடிப்பம். ஆடிப்பிறப்பண்டு மாமி ஒரு சட்டி கூழும் கொழுக்கட்டையும் கொண்டு வந்தவ. பனங்கட்டி, தேங்காய்ப்பால், வறுத்த பயறு, பல்லுப் பல்லா வெட்டின தேங்காய்ச் சொட்டு, மணம் கேற்றடிக்கே வந்திட்டுது. ஆசை இல்லாமல் இல்லை. ஆனா தைப்பொங்கலண்டு நடந்தது உனக்குச் சொல்லேல்ல. அண்டைக்குப் பொங்கின சர்க்கரைப் புக்கையில ஒரு அகப்பை, வடிவா நெய்யும் விட்டு, ஒரு வருசத்துக்கு ஒருக்காத்தானே எண்டு கெதியாச் சாப்பிட்டுட்டன். கால் மணித்தியாலம் போகேல்ல, நெஞ்சு படபடவெண்டு அடிக்குது, முதுகெல்லாம் வேர்வை, கை நடுங்குது, வயிறு பிரட்டுது, பிறகு ஓடுறது கக்கூசுக்கு. மாரடைப்பு எண்டு நினைச்சு அப்பா ஓட்டோவுக்கு கோல் எடுக்கத் தொடங்கிட்டார். அது டம்பிங் எண்டு சொல்லுறவை. இனிப்பு கெதியா குடலுக்குள்ள இறங்கினா உடம்பு அப்பிடித்தான் ஆர்ப்பாட்டம் செய்யுமாம். எல்லாருக்கும் வராது, எனக்கு வந்தது. அதுக்குப் பிறகு கூழ் எண்டாலும் மூண்டு கரண்டிதான், அதுவும் நக்கி நக்கி. நான் "காணும் மச்சாள், போதும்" எண்டு சொன்னனான். அவ அதை உபசாரத்துக்குச் சொல்லுறன் எண்டு நினைச்சு இன்னும் ரெண்டு அகப்பை ஊத்தினவ, நான் குடிக்கேல்ல, கோபம் வந்திட்டுது.

அவவிலயும் பிழை இல்லை. எங்கட ஊரில காணும் எண்டதுக்கு ஆர் மதிப்புக் குடுத்தவை. சாப்பிடுற ஆள் கையைக் குறுக்க வைச்சு காணும் காணும் எண்டோணும், வைக்கிற ஆள் அந்தக் கைக்கு மேலால ஒரு அகப்பை சோத்தைக் கொட்டோணும், அதுதான் மரியாதை. நானும் ஆயுள் முழுக்க அப்பிடித்தான் மற்றவைக்கு வைச்சனான். இந்த 58 வயசில முதல் முறையா நான் சொல்லுற காணும் உண்மையா இருக்கு, ஆனா ஒருத்தரும் நம்பீனமில்லை.

நீ ஒருக்கா, மூண்டு வருசத்துக்கு முந்தி, என்ர சீனி வருத்த ரிப்போட்டைப் பாத்திட்டு "வாயைக் கட்டுங்கோ அம்மா, எல்லாம் சரிவரும்" எண்டு சொன்னனி. நான் ஒண்டும் சொல்லேல்ல. வாயைக் கட்டிப் பாக்காத வருசம் இல்லை பிள்ளை. விரதம் பிடிச்சன், சோத்தை விட்டு குரக்கன் புட்டு சாப்பிட்டன், விடிய எழும்பி நடந்தன், 6 கிலோ குறையும், பிறகு 8 கிலோ ஏறும். டொக்டர் ஒரு கடதாசில வயித்தைக் கீறிக் காட்டினவர். நாலில மூண்டு பங்குக்கு மேல வெட்டி எடுத்திடுவினமாம், மிச்சம் ஒரு வாழைப்பழம் மாதிரி நீளக் குழாய்தான் இருக்குமாம். வெட்டி எடுக்கிற அந்த மேல்பக்கத்திலதான் பசியைத் தூண்டிற கிரெலின் எண்ட ஹோர்மோன் கனக்கச் சுரக்கிறதாம். அதைக் கேட்டவுடன எனக்கு அழுகை வந்திட்டுது. என்ர பசிக்கு என்ர குணம் மட்டும் காரணமில்லை எண்டு ஒரு ஆள் முதல் முதல் சொன்னது அண்டைக்குத்தான். அப்பாவுக்கு ஏன் அழுறன் எண்டு விளங்கேல்ல, ஒப்பிறேசனுக்குப் பயம் எண்டு நினைச்சு கையைப் பிடிச்சவர்.

குணமும் கொஞ்சம் இருக்குத்தான், மறைக்கேல்ல. 95 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு, மழைக்குள்ள நாவற்குழிப் பக்கம் ஊர்ந்து ஊர்ந்து போறம், நீ ரெண்டு வயசு, என்ர இடுப்பில. சனத்துக்குள்ள காலை எடுத்து வைக்க இடமில்லை. கையில ஒரு பிஸ்கட் பைக்கற், உனக்கு எண்டு அரை அரையா முறிச்சுத் தந்து சாவகச்சேரி மட்டும் கொண்டு போனனான். அதுக்குப் பிறகு ஒரு சோத்துப் பருக்கையைக்கூட எனக்கு எறிய ஏலாது. நீயும் தம்பியும் கோப்பையில மிச்சம் விட்டா அது என்ர வயித்துக்குள்ள. அப்பா விட்டா அதுவும். சட்டியில ஒட்டினதும். அப்பிடியே சேர்ந்த கிலோதான் கனக்க. இப்ப மிஞ்சினா நாய்க்கும் காகத்துக்கும் வைக்கிறன், வைக்கேக்க இப்பவும் கை கூசும்.

ஒப்பிறேசன் முடிஞ்சு முதல் ரெண்டு கிழமை கொழும்பில, வெள்ளவத்தையில சித்தி வீட்டில இருந்தது உனக்குத் தெரியும். தண்ணிச் சாப்பாடு மட்டும். பாணி மருந்து குடிக்கிற அந்தக் குட்டிக் கப் இருக்கெல்லே, 30 மில்லி, அதுதான் என்ர கோப்பை. அதைக் குடிச்சு முடிக்க கால் மணித்தியாலம். ஒரு நாளைக்கு ஒண்டரை லீற்றர் உள்ள போகோணும் எண்டா எத்தினை கப் எண்டு நீயே கணக்குப் பார், எனக்கு வேற வேலை இல்லை, விடிஞ்சால் பொழுதுபட்டால் உறிஞ்சுறதுதான். சித்தி பக்கத்து அடுப்பில மீன் பொரிப்பா, நான் வடிச்ச சூப்போட யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு இருப்பன்.

பிறகு ரெண்டு கிழமை மிக்சியில அடிச்ச சாப்பாடு, பிறகு மெதுவானது. அவை தந்த கடதாசி முழுக்க வெள்ளைக்காரச் சாப்பாடு, சுன்னாகத்துச் சந்தையில அதுகளுக்கு நான் எங்க போறது. யோசிச்சுப் பாத்தன், உன்னைப் பெத்தாப்போல எனக்கு அம்மம்மா என்ன தந்தவ? சுறா வறை, பத்தியக் கறி, அவிச்ச முட்டை. பிள்ளைப்பெத்த வீட்டுச் சாப்பாடு எல்லாம் மெதுவு, புரதமும் இருக்கு. அதையே உறைப்பும் எண்ணெயும் குறைச்சுச் செய்தன். விளைமீன் சொதியில மீனை மட்டும் முள்ளு பாத்து உதிர்த்து ஒரு சின்னக் கிண்ணம். அவிச்ச பயத்தை மசிச்சு. தயிர். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேணும், ஒரு முட்டையில 6 கிராம்தான், அப்ப பார் எவ்வளவு யோசிக்கோணும் எண்டு. அதால முதல் வாய் எப்பவும் மீன் இல்லாட்டி முட்டை, மரக்கறி பிறகு, இடமிருந்தா சோறு ரெண்டு கரண்டி. இடம் அநேகமா இருக்காது. நீ அனுப்பின புரோட்டீன் மாவில அரை ரின் இன்னும் கிடக்கு, சோக்கட்டித் தண்ணி மாதிரி ஒரு சுவை, கோவிக்காத.

முதல் அவிச்ச முட்டை சாப்பிட்ட நாள் ஞாபகம் இருக்கு. பாதி முட்டை. தேக்கரண்டியால கிள்ளிக் கிள்ளி, ஒவ்வொரு கிள்ளையும் 20, 25 தரம் சப்பி, மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு. 25 நிமிசம். அப்பா அதுக்குள்ள சாப்பிட்டு, கோப்பை கழுவி, பேப்பரும் வாசிச்சு முடிச்சிட்டார்.

புட்டுத்தான் என்னைக் கவிழ்த்தது. அஞ்சாம் கிழமை, சொன்னால் கேக்காமல், மூங்கில் குழலில இருந்து ஆவியோட தள்ளின புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல் குழம்பு, ரெண்டு வாய். ரெண்டே வாய். நெஞ்சுக் குழிக்குள்ள கல்லு இறங்கின மாதிரி நிண்டிட்டுது. கிணத்தடிக்கு ஓடினன், சத்தியும் வருதில்லை, வாயால நுரை நுரையா துப்பல்தான் வருது, ஓங்காளம், கண்ணால தண்ணி. அப்பா பதறி ஒரு செம்பு தண்ணியைக் கொண்டு வந்து குடி குடி எண்டு நிக்கிறார். அடைச்ச குழாய்க்குள்ள தண்ணியை ஊத்தினா என்ன நடக்கும், அதுதான் நடந்தது. இப்ப அப்பாவுக்கும் தெரியும், சாப்பிடேக்க தண்ணி இல்லை, சாப்பிட்டு அரை மணித்தியாலம் போனாப்பிறகுதான். புட்டை நான் விடேல்ல. இப்ப பாலும் சொதியும் விட்டு ஊறவைச்சு ஒரு சின்னக் கை அளவு சாப்பிடுவன். பாண்தான் இன்னும் இறங்குதில்லை, மாவா உருண்டு போய் நிக்குது, அதை விட்டிட்டன்.

சமைக்கிறது குறையேல்ல பிள்ளை, இதுதான் வேடிக்கை. முந்தி உப்புப் பாத்து உப்புப் பாத்தே எனக்கு ஒரு நேரச் சாப்பாடு உள்ள போயிடும். இப்ப உள்ளங்கையில ஒரு துளி விட்டு நாக்கில தொட்டுப் பாக்கிறன், அவ்வளவுதான். அப்பா சொல்லுறார் கறி இப்பத்தான் ருசியாம். முந்தின 35 வருசத்தைப் பற்றி நான் கேக்கேல்ல.

கஷ்டம் எதெண்டா பின்னேரம் நாலு மணி. வயிறு கேக்காது, கை கேக்கும். தேத்தண்ணியோட ஒரு வடை, ரெண்டு முறுக்கு எண்டு பழகின கை. தம்பியும் நீயும் போனாப்பிறகு இந்த வீட்டில அந்த நேரம் சரியான அமைதி, அந்த அமைதிக்குத்தான் நான் சாப்பிட்டிருக்கிறன் போல கிடக்கு. வயித்தை வெட்டினவை, அதை வெட்டேல்ல. இப்ப அந்த நேரம் பூக்கண்டுகளுக்குத் தண்ணி விடுறன், இல்லாட்டி முன்வீட்டு அக்காவோட கதைக்கப் போறன், அங்க போனா அவ வடை வைக்கிறா, அது வேற கரைச்சல்.

குளிசையள் ஒழுங்காப் போடுறன். இரும்புச்சத்து விடிய, கல்சியம் பின்னேரம், ரெண்டையும் ஒண்டாப் போட்டா ஒண்டை ஒண்டு கெடுக்கும். இரும்புக் குளிசையோட தேத்தண்ணியும் கூடாது. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா பி12 ஊசி. இது வாழ்நாள் வேலையாம். நாலாம் மாசம் தலைமயிர் கொத்துக் கொத்தாக் கொட்டினது, நீ வீடியோவில பாத்து ஏன் முக்காடு எண்டு கேட்டனி, குளிர் எண்டு சொல்லிச் சமாளிச்சன், யாழ்ப்பாணத்தில குளிராம். கெதியா மெலியேக்க வாறதுதானாம், இப்ப குட்டிக் குட்டியா முளைக்குது. கைத்தோல் தொங்குது, அதுக்கு நீட்டுக்கைச் சட்டை தைப்பிச்சாச்சு. மோதிரம் மீன் கழுவேக்க கழண்டு செதிலோட போய், வாளிக்குள்ள கையை விட்டுத் துழாவி எடுத்தனான். சீனி வருத்தத்துக்கு ரெண்டு வகைக் குளிசை போட்டனான், இப்ப ஒண்டுதான், அதுவும் பாதி. கடைசி ரெண்டு மாசமா நிறை அசையுதில்லை. அப்பிடி நிண்டு நிண்டுதான் இறங்குமாம், கவனமில்லாட்டித் திருப்பி ஏறவும் ஏறுமாம்.

சனம் கதைக்குது. கோயிலடியில ஒருத்தி என்ர கையைப் பிடிச்சு, எந்த இடத்தில புற்றுநோய் எண்டு மெதுவாக் கேட்டா. இன்னொருத்தி, மகள் கனடாவில இருந்து காசு அனுப்பி வயித்தை வெட்டுவிச்சவளாம் எண்டு. உனக்கு அது வந்து சேரும், சேர்ந்தா குற்றவாளி மாதிரி உடைஞ்சு போகாத. நீ காசுதான் தந்தனி, ஓம் எண்டு சொன்னது நான். போன வருசம் கலியாண வீட்டில பிளாஸ்ரிக் கதிரை காலை விரிச்சு நான் சனத்துக்கு முன்னால விழுந்தது உனக்குச் சொல்லேல்ல, அண்டைக்கு ராத்திரிதான் முடிவெடுத்தனான்.

நல்லூர்த் தேருக்கு நீ வாறாய் எண்டது சந்தோசம். போன வருசம் 25 நாளும் நல்லூருக்குப் போக ஆசைப்பட்டு, நாலு நாள்தான் போனன், அதுவும் தூரத்தில கதிரையில இருந்துதான் கும்பிட்டது. இந்த முறை மணலில வெறுங்காலோட வீதி சுத்துவன், முழங்கால் இப்ப இடம் குடுக்குது. பிறகு நீ ஐஸ்கிறீம் குடிக்கப் போவம் எண்டு நிப்பாய், போவம், உன்ர கோப்பையில எனக்கு ஒரு கரண்டி.

சூட்கேசுக்குள்ள சொக்கிலேற் அடைஞ்சு கொண்டு வராத, வந்தா மாமி வீட்டுக்குத்தான் போகும். எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடு, நீ கெதியாச் சாப்பிடுறனி, என்னைப் பாத்துப் பயப்பிடாத, எனக்கு அரை மணித்தியாலம் எடுக்கும். கணவாய்க் கறி, ஒடியல் கூழ், நண்டு, நீ என்ன கேட்டாலும் சமைப்பன். அகப்பையோட நானும் நிப்பன், பழக்கம் போகாது. ஆனா நீ காணும் எண்டு சொன்னா அந்த இடத்திலயே நிப்பாட்டுவன், சத்தியமா. ஒருக்காச் சொல்லிப் பார்.

அப்பாவுக்கு அந்த முதுகு தடவுற மருந்து ரெண்டு ரியூப் மறந்திடாத. முழங்காலுக்கெண்டு எனக்கு இபுபுரோபன் வாங்காத, அது எனக்கு இனிக் கூடாதாம், பனடோல் இஞ்சயே இருக்கு.

அம்மா