மாம்பழம் அனுப்பாததுக்குக் காரணம்

கண்ணு,

அம்மா எழுதறேன். மாம்பழப் பெட்டி ஏன் வரலைன்னு மூணு தடவை கேட்டுட்டே. இந்த வருஷம் காய்ப்பு சரியில்லைன்னு சொன்னேன். பொய். போன மாசம் கடைவீதியில மல்கோவாவும் இமாம்பசந்தும் குவிஞ்சு கிடந்துச்சு. எனக்குத்தான் வாங்கி அனுப்ப மனசு வரலை.

கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிட்டாங்க. அப்பா முட்டிவலி பரவாயில்லை. பாப்பாவுக்கு வர்ற மாசம் ஒரு வயசு. மாசமா இருந்தப்ப உனக்குச் சுகர் வந்துச்சே, அதுக்காகப் பிரசவம் ஆன ஆறு வாரத்துல எடுக்கச் சொல்லி டாக்டரம்மா சீட்டுல எழுதிக் கொடுத்த சுகர் டெஸ்ட், அதை எடுத்தியா? போன்ல கேட்டா கேமராவைப் பாப்பா பக்கம் திருப்பிடறே. குழந்தை பொறந்ததும் நார்மல் ஆயிருச்சும்மா, அதோட முடிஞ்சுதுங்கறே. இவ்வளவு படிச்ச பொண்ணு இப்படிச் சொல்லலாமா?

நம்ம டாக்டர்கிட்ட அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். நஞ்சுக்கொடியில சுரக்கற ஹார்மோனுங்க இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாதாம். கணையம் கூடுதலாச் சுரந்து ஈடு கட்டணும். முடியாதவங்களுக்குத்தான் சுகர் ஏறுது. நஞ்சு விழுந்ததும் இறங்கிடும், ஆனா கணையத்தோட பலவீனம் எங்கயும் போகாது. கர்ப்பத்துல சுகர் வராதவங்களைவிட, வந்தவங்களுக்குப் பின்னாடி டைப் 2ங்கற சுகர் வியாதி வர்ற ஆபத்து 7 மடங்குன்னும் 10 மடங்குன்னும் ஆராய்ச்சிகள் சொல்லுதாம். ரெண்டுக்கும் பொதுவா சில ஜீன்கள் இருக்குது. ஒண்ணோட பேரைத் தாள்ல எழுதி வாங்கிட்டு வந்தேன்: டிசிஎஃப்7எல்2. இது ஒண்ணு மட்டுமில்லை, பல ஜீன் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஆபத்தைக் கூட்டுமாம். அம்மா வழியிலயும் வரும், அப்பா வழியிலயும் வரும்.

உங்கப்பா வழியில தேடாதே சாமி. என் வழிதான்.

வளைகாப்புக்கு முன்னாடி டாக்டரம்மா "அம்மாவுக்கு சுகர் உண்டா"ன்னு கேட்டப்ப "இல்லீங்க"ன்னு சொன்னேன். பக்கத்துல சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தாங்க. பிரஷர் மாத்திரைன்னு நீ நினைச்சுட்டு இருக்கறது மெட்ஃபார்மின், சுகர் மாத்திரை. 2016ல இருந்து சாப்பிடறேன். உனக்கு வரன் பார்த்துட்டு இருந்த நேரம், வெளிய தெரிஞ்சா கைகூடாதுன்னு அப்பாவையும் பேசவிடலை. அதுக்கும் முன்னாடி, 1993ல, நீ வயித்துல இருந்தப்பவே எனக்கு வந்துச்சு. நீ பொறந்தப்ப 4 கிலோ 100 கிராம். அம்மாப்பேட்டைத் தறிவீட்டுப் பொம்பளைங்க எல்லாம் கொழுகொழுன்னு இருக்கான்னு தூக்கித் தூக்கிப் பார்த்தாங்க. எனக்கும் பெருமைதான். பின்னாடி வந்து டெஸ்ட் பண்ணிக்கம்மான்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்புனாங்க. 23 வருஷம் போகலை. சுகரால பெரியம்மா கால் ஆன கதியைப் பார்த்த பிறகும் போகலை. கண்ணுல பூச்சி பறக்கற மாதிரி தெரிஞ்சப்பதான் போனேன். நீயும் அப்படி உட்கார்ந்துடாதே.

வேலைக்குப் போயிட்டே பத்து மாசம் தாய்ப்பால் கொடுத்தே. அதுவும் இந்த ஆபத்தைக் குறைக்கும்னு டாக்டர் சொன்னப்ப நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இன்னொண்ணும் சொன்னாரு. அமெரிக்காவுல நர்ஸுங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சி, 2022ல வந்தது. கர்ப்பத்துல சுகர் வந்தவங்கள்ல எடை, சாப்பாடு, நடை, புகை, மது இந்த அஞ்சையும் சரியா வச்சுக்கிட்டவங்களுக்கு, ஒண்ணையுமே வச்சுக்காதவங்களைவிட ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல குறைவாம். பரம்பரையா ஆபத்து அதிகம் இருந்தவங்களுக்கும் அந்தப் பலன் இருந்துச்சாம். அந்த ஒரு வரியை மட்டும் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அதனால நட. ராத்திரி பாப்பாவுக்கு ஊட்டி மிஞ்சுன சோத்தைச் சாப்பிடாதே. டெஸ்ட் எடு. வெறும் வயித்துல ஒரு தடவை, 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சு ஒரு தடவை. ஆறு வாரம் தாண்டிப் போச்சேன்னு விட்டுடாதே, இப்பவும் எடுக்கலாம். நார்மல்னு வந்தாலும் ஒண்ணுல இருந்து மூணு வருஷத்துக்குள்ள மறுபடியும் எடுக்கணும், ஆயுசுக்கும். அடுத்த குழந்தைக்கு முன்னாடியும் எடுக்கணும். டெஸ்ட் எடு கண்ணு.

உன் டாக்டர்கிட்ட "அம்மாவுக்கு உண்டு, நான் வயித்துல இருந்தப்பவும் இருந்துச்சு"ன்னு திருத்திச் சொல்லிடு. மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லு. சம்பந்தியம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை நானே போன் பண்றேன். அப்பாவைப் பக்கத்துல உட்காரச் சொல்லியிருக்கேன்.

நீலம் மாம்பழம் கொஞ்சம் வைக்கோல்ல வச்சிருக்கேன். ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை பழம் அனுப்பலாம்னு டாக்டரைக் கேட்டுட்டு அனுப்பறேன்.

அம்மா