கால் ரத்தக்குழாய் அடைப்பு பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ், வார இதழ்களின் நலவாழ்வுப் பக்க ஆசிரியர்களுக்கும், தமிழில் மருத்துவக் காணொளி வெளியிடுவோருக்கும்,

வணக்கம்.

காலில் ஆறாத புண்ணோடு இருக்கும் சர்க்கரை நோயாளியும் அவர் வீட்டாரும் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் பக்கத்தைப் பார்த்துவிடுகிறார்கள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சார்ந்த 'இந்தியாப்' என்ற ஆய்வு 2023இல் தந்த கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். இவர்களில் காலுக்குப் போகும் தமனி அடைபட்டவர்களுக்குக் காலதாமதம்தான் பெரிய எதிரி. பாதப் புண்ணோ, இரவில் படுத்தால் வந்து தூங்கவிடாமல் செய்யும் பாத வலியோ இரண்டு வாரத்தைத் தாண்டினால், காலையே இழக்கக்கூடிய நிலை என்றுதான் அதைக் கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர் "கத்தியின்றி அடைப்பு கரையும்" என்ற தலைப்பை நம்பி மூன்று மாதம் காத்திருந்தால், பிறகு அவரிடம் பைபாஸா (அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை அமைக்கும் அறுவை சிகிச்சை), பலூனா (குழாய்க்குள் பலூனை விரித்து அடைப்பைத் திறப்பது) என்று பேச இடமே இருக்காது. எந்த மட்டத்தில் காலை எடுப்பது என்றுதான் பேச வேண்டியிருக்கும்.

அதனால் உங்களிடம் கேட்கிறோம். ஒரு சிகிச்சை பலன் தரும் என்று எழுதும்போது நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள். அது எந்த ஆய்வு? எப்படிப்பட்ட நோயாளிகளிடம் நடந்தது? எதை அளந்தார்கள்? நூறு பேரில் எத்தனை பேருக்குப் பலன் கிடைத்தது? இந்த நான்கும் கையில் இல்லாத செய்தியை நிறுத்தி வையுங்கள்.

கிலேஷன் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். இ.டி.டி.ஏ. என்ற மருந்தை வாரம் ஒரு முறை ரத்தக்குழாயில் ஏற்றினால் தமனி அடைப்பு நீங்கும் என்ற விளம்பரம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 'டாக்ட்' என்ற அமெரிக்க, கனடிய ஆய்வு. அது போலி ஆய்வு அல்ல. 2013இல் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. 1,708 பேர் பங்கேற்றார்கள். ஒவ்வொருவருக்கும் 40 முறை மருந்து ஏற்றுவது திட்டம். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறுபடி அடைப்பு நீக்கும் சிகிச்சை, நெஞ்சுவலிக்காக மருத்துவமனையில் சேர்தல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் கிலேஷன் பெற்றவர்களில் 26 சதவீதம், வெற்றுத் திரவம் பெற்றவர்களில் 30 சதவீதம். சர்க்கரை நோயாளிகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது 25க்கு 38 என்று வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. விளம்பரங்களில் வருவது இந்தக் கடைசிக் கணக்குதான்.

அவற்றில் வராதவை இரண்டு. முதலாவது, ஆய்வில் இருந்த எல்லோரும் ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்கள். காலில் புண் உள்ளவருக்கு அடைப்பு கரைந்து புண் ஆறுமா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை. இரண்டாவது, ஒரு பிரிவினரிடம் மட்டும் தெரிந்த பலன் தற்செயலா என்று பார்க்க, மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளை மட்டுமே சேர்த்து 'டாக்ட்2' நடத்தப்பட்டது. சுமார் ஆயிரம் பேர், அதே 40 முறை. முடிவு 2024இல் அதே 'ஜாமா'வில் வந்தது: கிலேஷன் பெற்றவர்களில் 35.6 சதவீதம், பெறாதவர்களில் 35.7 சதவீதம். பலன் இல்லை. 2013ஆம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் காட்டி இன்றைக்கும் ஒரு காணொளி வந்தால், அதைத் தயாரித்தவர் அடுத்த ஆய்வைத் தேடவில்லை என்று பொருள். அல்லது தேடிப் பார்த்துவிட்டு மறைத்தார் என்று பொருள்.

காலைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். கிலேஷன் பற்றி 2020இல் வந்த காக்ரேன் (ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் அமைப்பு) திறனாய்வு 5 ஆய்வுகளைச் சேர்த்தது, மொத்தம் 1,993 பேர். அதில் 1,708 பேர் டாக்ட் ஆய்வைச் சேர்ந்தவர்கள். மற்ற நான்கு ஆய்வுகளையும் கூட்டினால் 285 பேர்தான். இதை வைத்து எந்த உறுதியான முடிவுக்கும் வர முடியாது. ஆபத்து மட்டும் தெளிவாகவே தெரியும்: மருந்தை வேகமாக ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்றுவிடலாம். 2003 முதல் 2005க்குள் அமெரிக்காவில் அப்படி மூன்று மரணங்கள் பதிவாகியிருக்கின்றன.

இதையெல்லாம் கண்டுபிடிக்கக் காசு செலவாகாது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் 'கிலேஷன்', 'பெரிஃபெரல் ஆர்ட்டரி டிசீஸ்' (கை, கால் தமனி அடைப்பு நோய்) என்ற சொற்களை ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். இடப்பக்கம் கட்டுரை வகையைத் தேர்ந்தெடுக்கும் பகுதி இருக்கும். அதில் முதலில் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' (பல ஆய்வுகளைத் தொகுத்த திறனாய்வு), பிறகு 'ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்ட் ட்ரயல்' (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) என்று தேர்வு செய்யுங்கள். வரிசையை அண்மைத் தேதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பழைய, பிரபலமான கட்டுரை மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டுரையைத் திறந்ததும் தலைப்புக்கு மேலே 'திரும்பப் பெறப்பட்டது' என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கீழே 'சைட்டட் பை' (இதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள்) பட்டியலில் அதற்குப் பின் வந்தவற்றைப் பாருங்கள்; டாக்ட்2 போன்றவை அகப்படுவது அங்கேதான். கட்டுரையின் பப்மெட் எண்ணை உங்கள் செய்தியின் அடியில் அச்சிடுங்கள். ஒரு வரிகூட ஆகாது, ஆனால் சந்தேகப்படும் மருத்துவர் யாரும் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

பப்மெட்டில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை தரமானது ஆகிவிடாது. அது ஒரு அட்டவணை, அவ்வளவுதான். தரம் தெரிய வேண்டுமானால் காக்ரேன் நூலகத்துக்குப் போக வேண்டும். ஆய்வுகளைச் சலித்துத் தொகுத்த திறனாய்வுகளின் எளிய சுருக்கங்கள் அங்கே எல்லோருக்கும் இலவசம். பல சுருக்கங்கள் தமிழிலேயே இருக்கின்றன. தமிழ் இதழ்களில் இவற்றை யாரும் எடுத்தாளக் காணோம் என்பது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

நல்ல ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. உங்கள் செய்திகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். காலை இழக்கும் நிலையில் உள்ளவருக்கு முதலில் பைபாஸா, பலூன்–ஸ்டென்ட்டா? 2022 நவம்பரில் வெளியான 'பெஸ்ட்–சிஎல்ஐ' ஆய்வில் 1,830 பேர். இவர்களில், பைபாஸுக்கு மாற்றுக் குழாயாகப் பயன்படும் காலின் நீண்ட சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்) நல்ல நிலையில் இருந்த 1,434 பேரிடம் பைபாஸ் முந்தியது: பாதகமான முடிவு பைபாஸ் செய்தவர்களில் 42.6 சதவீதம், பலூன் வழியில் 57.4 சதவீதம். ஐந்தே மாதத்தில், 2023 ஏப்ரலில், 'பேசில்–2' வந்தது. முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ள 345 பேர். அதில் காலையோ உயிரையோ இழந்தவர்கள் பைபாஸில் 63 சதவீதம், பலூன் வழியில் 53 சதவீதம். நேர் எதிர்.

இதில் ஒன்றை மட்டும் படித்தவர் "பைபாஸே சிறந்தது" என்று தலைப்பு வைப்பார். மற்றதைப் படித்தவர் அதையே தலைகீழாக எழுதுவார். இரண்டு ஆய்விலும் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். பெஸ்ட்–சிஎல்ஐ, மரணத்தோடும் கணுக்காலுக்கு மேல் கால் எடுப்பதோடும் 'பெரிய மறுசிகிச்சை'யையும் ஒரே கணக்கில் சேர்த்தது. அந்த மறுசிகிச்சை பைபாஸ் பிரிவில் 9.2 சதவீதம், பலூன் பிரிவில் 23.5 சதவீதம். கால் எடுத்தது 10.4க்கு 14.9. ஆக வித்தியாசத்தின் பெரும்பகுதி வந்தது மறுசிகிச்சையில்தான். பேசில்–2இன் கணக்கில் மறுசிகிச்சைக்கு இடமே இல்லை. நோயாளிகளும் வேறு: ஒன்றில் நல்ல சிரை உள்ளவர்கள், மற்றதில் முழங்காலுக்குக் கீழே பழுதானவர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிற வாசகருக்குக் கிடைப்பது தன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "என் காலில் பைபாஸுக்கு ஏற்ற சிரை இருக்கிறதா, ஸ்கேன் செய்து பார்த்தீர்களா?" இப்படி ஒரு கேள்வியைக் கையில் கொடுக்கும் கட்டுரைதான் எங்களுக்கு வேண்டும்.

சதவீதம் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் வந்த 'வாயேஜர் பிஏடி' ஆய்வு, கால் அடைப்பு நீக்கிய 6,564 பேருக்கு ஆஸ்பிரினோடு ரத்த உறைவைத் தடுக்கும் ரிவரோக்சபான் 2.5 மில்லிகிராம் இருவேளை கொடுத்துப் பார்த்தது. "ஆபத்து 15 சதவீதம் குறைந்தது" என்பது ஒப்பீட்டுக் கணக்கு. மூன்றாண்டில் கால், இதய, மூளை ரத்தக்குழாய்ப் பெரும் பாதிப்பு நேர்ந்தவர்கள் 19.9 சதவீதத்திலிருந்து 17.3ஆகக் குறைந்தார்கள், நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர். பெரிய ரத்தக்கசிவு 1.87இலிருந்து 2.65 சதவீதமாகக் கூடியது. இரண்டையும் ஒரே பத்தியில், நூற்றுக்கு இத்தனை பேர் என்ற ஒரே அளவில் எழுதுங்கள். பலனை ஒப்பீட்டுக் கணக்கிலும் கெடுதலை நூற்றுக்கு இத்தனை பேர் என்றும் எழுதினால் வாசகர் ஏமாந்துபோவார்.

இனி பரிசோதனை. கணுக்கால்–கை அழுத்த விகிதம் பற்றிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப ஒரு பிழை வருகிறது: "0.9க்கு மேல் இருந்தால் கவலை வேண்டாம்." செய்முறை எளியதுதான். நோயாளி ஐந்து, பத்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் ரத்த அழுத்தப் பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்க உதவும் கையடக்க டாப்ளர் கருவியால் பாதத்தின் மேல்பக்கத் தமனியிலும் உள்கணுக்காலின் பின்பக்கத் தமனியிலும் அழுத்தம் பார்க்க வேண்டும். அந்தந்தக் காலில் கிடைத்த கூடுதல் அளவை, இரு கைகளில் கூடுதலான அளவால் வகுக்க வேண்டும். 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. ஆனால் நெடுநாள் சர்க்கரை நோயிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடும். பட்டை அழுத்தினாலும் தமனி மூடாது. எண் பொய்யாக உயரும். 1.40க்கு மேல் போனால் அந்த எண்ணை நம்பக் கூடாது. அடைப்பும் இறுக்கமும் சேர்ந்திருந்தால் 1.1 போன்ற 'இயல்பான' எண்ணே வரும், புண்ணோ கருத்துக்கொண்டே போகும். இவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். அங்கு விகிதம் 0.70 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. கட்டைவிரல் பரிசோதனை பற்றிச் சொல்லாமல் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த விகிதத்தைப் பற்றி எழுதாதீர்கள்.

பரபரப்பில்லாத ஒரு செய்தியும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. புண் இல்லாமல், நடந்தால் மட்டும் கெண்டைக்கால் வலிப்பவர்களுக்கு மேற்பார்வையோடு நடைப்பயிற்சி போன்ற உடற்பயிற்சி தந்தால், அதிகபட்ச நடைதூரம் சராசரியாக 120 மீட்டர் கூடுகிறது என்கிறது 2017ஆம் ஆண்டு காக்ரேன் திறனாய்வு. வாரம் மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம், வலி ஓரளவு கூடும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மறுபடி நடப்பது. குறைந்தது 12 வாரம். ஆறாத புண் உள்ளவருக்கு இது பொருந்தாது என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.

உள்நாட்டு ஆய்வு என்று யாராவது செய்தி கொண்டுவந்தால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம்) பதிவு எண் கேளுங்கள். ஐ.சி.எம்.ஆர். நடத்தும் இந்தப் பதிவகத்தில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும். பக்கத்தைத் திறந்து, முதன்மை அளவீடாக எதைப் பதிந்தார்கள், செய்திக்குறிப்பில் எதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், நினைத்தது கிடைக்காமல் கிடைத்ததைச் சொல்கிறார்களா என்று அவர்களிடமே கேளுங்கள். எண்ணே இல்லை என்றால் வெளியிடாதீர்கள்.

விளம்பரப் பிரிவினருக்கும் இந்த மடலைக் காட்டுங்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் தமனித் தடிப்பு, நீரிழிவு, தசை அழுகல் மூன்றும் இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றம். அதை வெளியிடுவதில் பங்கெடுப்பதும் அதில் அடங்கும்.

கடைசியாகத் திருத்தங்கள். மருந்து பூசிய பலூன்கள், ஸ்டென்ட்கள் பற்றி 2018 டிசம்பரில் 28 ஆய்வுகளை, 4,663 பேரைத் தொகுத்த ஒரு கட்டுரை, ஐந்தாண்டில் மரணம் 8.1க்குப் பதில் 14.7 சதவீதம் என்று அதிர்ச்சி தந்தது. ஐந்தாண்டுக் கணக்கு மூன்றே ஆய்வுகளிலிருந்து வந்தது. பலரைப் பின்தொடர்ந்த விவரமே இல்லை. விடுபட்ட விவரங்களைத் திரட்டிப் பார்த்த பிறகு 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ., கூடுதல் மரணத்துக்குத் தரவுகள் ஆதாரமாக இல்லை என்றது. 2025இல் வந்த ஸ்வீடன் ஆய்வுகளோ, காலை இழக்கும் நிலையில் உள்ளவர்களிடம் இந்தப் பலூன்களும் ஸ்டென்ட்களும் கால் இழப்பைக் குறைக்கவில்லை என்று காட்டியதோடு, மரணம் பற்றிய கேள்வியையும் முழுதாக ஓயவிடவில்லை. ஆறேழு ஆண்டில் இத்தனை திருப்பங்கள். 2019இல் நீங்கள் போட்ட செய்தி இன்றும் தேடலில் முதலில் வருகிறது. அதை அழிக்க வேண்டாம். தலைப்புக்குக் கீழேயே தேதி போட்டு, பின்னால் வந்த முடிவுகளை இரண்டு வரியில் சேருங்கள். காணொளியானால் விளக்கப் பெட்டியில் எழுதி ஒதுங்கிவிடாமல், முதல் கருத்தாகவும் பொருத்தி வையுங்கள். கைபேசியில் பார்ப்பவர்கள் விளக்கப் பெட்டியைத் திறப்பதில்லை. கால் அடைப்பு பற்றிய உங்கள் எல்லாப் பழைய பதிவுகளிலும் இதையும் சேர்த்துவிடுங்கள்: கால் திடீரென்று வலித்து, வெளிறி, சில்லிட்டு, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் இருக்க வேண்டும், 108ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
ரத்தக்குழாய் அறுவை சிகிச்சையிலும் மருத்துவ ஆய்வுத் தேடலிலும் பணிபுரிவோர்