மன்னார்குடி மனையை விற்க வேண்டாம், அப்பா

சிகாகோ
12 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் சொன்னால் பாதி மறந்துவிடுகிறது, எழுதி அனுப்பு என்றீர்கள். இங்கே நாங்கள் வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு அக்ரிமென்ட் போட்டாயிற்று. நவம்பர் கடைசியில் கிரயம். விலை 2,80,000 டாலர். அதில் 20 சதவீதம் எங்கள் சேமிப்பு, மீதி வங்கிக் கடன்.

மண் இல்லாத வீட்டுக்கு இவ்வளவு பணமா என்பது உங்கள் முதல் கேள்வி. மண் இருக்கிறதப்பா, தனியாக இல்லை, அவ்வளவுதான். நம் ஊர் அடுக்குமாடிப் பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதுவீர்களே, இங்கும் அதே கணக்கு. எந்த வீட்டுக்கு எத்தனை சதவீதம் என்று கட்டடத்தின் மூல ஆவணத்திலேயே பதிந்திருக்கிறது. மாதப் பராமரிப்புப் பணத்தைப் பிரிப்பதும் அந்தச் சதவீதத்தை வைத்துத்தான். எங்களுக்கு மாதம் 520 டாலர். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவும் தண்ணீர்க் கட்டணமும் அதில் அடக்கம்.

கட்டடம் 1920-களில் கட்டிய மூன்று மாடிச் செங்கல் கட்டடம். நடுவில் முற்றம், மூன்று பக்கமும் வீடுகள். லிஃப்ட் கிடையாது. ஆனால் எங்களுடையது கீழ்வீடு, ஏழெட்டுப் படிதான். அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் மேல்மாடி வீடுகளை வேண்டாம் என்றேன்.

பகுதியின் பெயர் எட்ஜ்வாட்டர். சிகாகோவின் வடக்கில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. இந்த ஊரில் கதவு எண்ணை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம், 800 எண்ணுக்கு ஒரு மைல். பக்கத்திலுள்ள பிரின் மார் சாலை 5600, அதாவது நகரின் நடுவிலிருந்து 7 மைல். டெவான் சாலை 6400, அங்கிருந்து இன்னும் ஒரு மைல். டெவானில் 155-ஆம் எண் பஸ் பிடித்து மேற்கே போனால் நம் கடைகள் வந்துவிடும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும். அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வாசலிலிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் ரெட் லைன் ரயில். ராத்திரி முழுக்க ஓடும். பிரின் மார் ஸ்டேஷனை இடித்துக் கட்டி இந்த ஜூலையில்தான் திறந்தார்கள், இப்போது லிஃப்ட் இருக்கிறது. கிழக்கே நடந்தால் ஏரி. மளிகைக் கடை, நூலகம், மருந்துக்கடை எல்லாம் நடந்து போய்வரும் தூரம். சிகாகோவுக்கு வெளியே நேப்பர்வில்லில் இருக்கும் சின்னத்தை மகன் தோட்டமும் கார் ஷெட்டும் உள்ள தனி வீடாகப் பார் என்று எவ்வளவோ சொன்னான். அங்கே பால் வாங்கவும் கார் வேண்டும். நீங்கள் வந்தால் யாராவது கூட்டிப்போகும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தினமும் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றாமல் காப்பி குடிக்காத மனிதரை அப்படி உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏரி என்றதும் நம் ஊர்த் தெப்பக்குளமான ஹரித்ரா நதியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதன் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. எதிர்க்கரை தெரியாது. குடிக்கும் தண்ணீரும் இதிலிருந்துதான் வருகிறது. மே மாதத்தில் ஊருக்குள் வெயில் அடிக்கும்போதும் கரையோரம் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும்.

எனக்குப் பிடித்த விஷயம் இந்தக் கரை பெரும்பாலும் யாருடைய பட்டாவிலும் இல்லை என்பதுதான். நகர நடுவில் ஏரிக்கரைத் துண்டு ஒன்றைப் பொது நிலம், என்றைக்கும் கட்டடமில்லாமல் திறந்தே கிடக்க வேண்டும் என்று 1836-இல் வரைபடத்தில் எழுதிவைத்தார்கள். பின்னால் அதில் கட்டடம் எழுப்பப் பார்த்தபோது, மாண்ட்கோமரி வார்டு என்ற வியாபாரி 1890 முதல் இருபது ஆண்டுகள் நீதிமன்றம் ஏறி அதைக் காத்தார். வரைபடத்தில் எழுதிய ஒரு வரி ஒரு நகரத்தின் கரையையே காப்பாற்றியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் பத்திரம் எழுதிய உங்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பக்கம் ஆர்ட்மோர் தெருவில் தொடங்கி, தெற்கே 71-ஆம் தெரு வரை 18 மைலுக்குக் கரையோர நடைபாதை போகிறது. காசில்லை, கேட்டில்லை. வடக்கே மட்டும் சில இடங்களில் உயர்ந்த கட்டடங்கள் தண்ணீரை ஒட்டியே நிற்கின்றன. அங்கெல்லாம் ஏரி தெரியும் வீடு என்று விலை ஏற்றிச் சொல்கிறார்கள். எங்கள் ஜன்னலில் ஏரி தெரியாது, எதிர்வீட்டுச் செங்கல்தான். அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு நடந்து போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.

இனி பத்திர விவரம். இங்கே சார்பதிவாளர் முன்னால் போய் நிற்பதில்லை, சாட்சிகள் இல்லை. வில்லங்கம் பார்ப்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அவர்கள் அலுவலகத்தில்தான் கையெழுத்தும் பணமும் கைமாறும். பத்திரம் பிறகு கவுன்டி, அதாவது மாவட்ட அலுவலகத்தில் பதிவாகும். பழைய வில்லங்கம் ஏதாவது பின்னால் கிளம்பினால் நஷ்டத்தைத் தர ஒரு காப்பீடும் உண்டு. வாங்குபவர் நகரத்துக்குக் கட்டும் மாற்று வரி 500 டாலருக்கு 3.75 டாலர், எங்களுக்கு 2,100 வருகிறது. நம் ஊர் 7 சதவீத முத்திரைத் தீர்வையோடு பார்த்தால் சொற்பம். ஆனால் வீட்டு வரி கடுமை, ஆண்டுக்கு 4,800 டாலர். அதுவும் ஒரு வருஷம் பின்தங்கித்தான் பில் வரும். 2025-க்கான வரியை 2026-இல் கட்டுவோம். அதனால் விற்பவர் தான் குடியிருந்த மாதங்களின் பங்கைக் கிரயத்தன்றே கழித்துத் தர வேண்டும்.

இங்கே வீடு வாங்க வக்கீல் வைப்பது வழக்கம். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு கெட்டிக்கார அம்மாள். கட்டடச் சங்கத்தின் கணக்கு, சேமநிதி விவரங்களை விற்பவர் காட்ட வேண்டும் என்பது இல்லினாய் சட்டம். அவற்றையும் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தோம். பின்பக்க மரப்படிக்கட்டை மாற்ற ஒவ்வொரு வீடும் தனியாகப் பணம் கட்ட வேண்டிவரும் என்று அதில் இருந்தது. 2003-இல் இந்த ஊரில் பின்பக்க மரத் தாழ்வாரம் ஒன்று சரிந்து 13 பேர் இறந்தார்கள், அதனால் இதை யாரும் லேசாக எடுப்பதில்லை. அந்தத் தொகையை விற்பவரே கட்டுவதாக வக்கீல் எழுதி வாங்கிவிட்டார்.

அக்கம்பக்கத்தில் எப்படிப்பட்ட ஆட்கள் என்று தரகரைக் கேட்கச் சொன்னீர்கள். அவர் சொல்ல மாட்டார் அப்பா. இனமோ மதமோ பார்த்து வீடு காட்டுவதையும் மறுப்பதையும் 1968-இல் வந்த சட்டம் தடுக்கிறது. நாங்களே போய்ப் பார்த்தோம். எதிர்வீட்டில் எத்தியோப்பியக் குடும்பம், மேலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பாப்பா அதற்குள் அவரிடம் சிநேகம் பிடித்துவிட்டாள்.

கடைசியாக, மன்னார்குடியில் பந்தலடிப் பக்கத்து மனை. எங்களுக்குப் பணம் அனுப்ப அதை விற்கப் போவதாக அம்மா சொன்னாள். வேண்டாம் அப்பா. பணம் போதும், கடனும் சாங்ஷன் ஆகிவிட்டது. நீங்கள் அனுப்பினால், இது அன்பளிப்பு, திரும்பத் தர வேண்டியதில்லை என்று வங்கி உங்களிடம் கடிதமும் கேட்கும். அது ஒரு பொருட்டில்லை. அந்த மனை உங்கள் இருவருக்கும் தைரியம், அதை விற்ற பணத்தில் வாங்கிய வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. விலை பேச வந்தவரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு வேண்டிய காகிதங்களைத் தனியாக அனுப்புகிறேன். ஜூனில் வந்தால் குளிர் இருக்காது. அம்மாவுக்கு நல்ல நடைச் செருப்பு ஒன்று வாங்கிவையுங்கள்.

அன்பு மகள்,
கலா